நாற்பத்தைந்தில் ஓடவேண்டிய தட்டு

1

கனடாவுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இத்தனை காலத்தில் நான் கற்ற தொழிலை நம்பி ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டியது போன ஒக்ரோபரில்தான் முதல் தடவை.

வந்தவர் பூரணம் அன்ரி. ஊரில் என் கடையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். இப்போது ரூஜ் பக்கம், மகள் சுகியின் புது வீட்டில் இருக்கிறார். சுகி காரை விட்டு இறங்காமலே, "அரை மணித்தியாலத்திலை வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்ரி சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, குளிர் அங்கிக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து மேசையில் வைத்தார்.

பைக்குள் ஒரு கசற். கசற் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூடு தனியாகவும் நாடா இடியப்பச் சிக்காகத் தனியாகவும் கிடந்தன. மருமகனின் காரில் ஒஷாவாவுக்குப் போகும்போது போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கார்ப் பிளேயர் நாடாவை விழுங்கிவிட்டது. மருமகன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பிடித்து இழுத்துவிட்டார்.

"தம்பி, உந்தக் கசற்றைத் திருத்தலாமே?"

நாடாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பல இடத்தில் அறுந்து, மிச்சம் கசங்கிப் போயிருந்தது. "ஏலாது அன்ரி" என்றேன்.

"அப்ப உதைப்போலை இன்னொண்டு அடிச்சுத் தருவியளோ? நீங்கள்தானே உதையும் அடிச்சுத் தந்தனீங்கள்."

கூட்டுக்குள் இருந்த அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்து. தலைப்புக்குச் சிவப்பு மை, பாட்டு வரிசைக்கு நீல மை. கீழே உரிமையாளர் பெயர்: செல்வன் த. பாலரஞ்சன். அது அன்ரியின் மூத்த பிள்ளை ரஞ்சன், சுகியின் அண்ணன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை, இரவல் வாங்கிய இரசாயனவியல் கொப்பியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போன ரஞ்சன் திரும்பி வரவில்லை. வயது பத்தொன்பது. துவக்கு வைத்திருந்த எல்லாத் தரப்பிடமும் அன்ரி போய்க் கேட்டார். எல்லாத் தரப்பும் தங்களிடம் இல்லை என்றன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. இறந்துவிட்டான் என்று யாரும் சொல்லாததால் திவசம் இல்லை. இருக்கிறான் என்று யாரும் சொல்லாததால் வேறு ஒன்றும் இல்லை. அன்ரியிடம் மிச்சமிருந்தவை அவனுடைய பிறந்தநாளும் இந்தக் கசற்றும்தான்.

"வாற மாதம் மூண்டாம் ஞாயிறு அவன்ரை பிறந்தநாள் வருது. வருசா வருசம் அண்டைக்கு இதைப் போட்டுக் கேக்கிறனான்."

"கட்டாயம் செய்து தாறன் அன்ரி."

"துவக்கத்திலையிருந்து அப்பிடியே வேணும் தம்பி. ஒண்டும் மாத்தக் கூடாது."

நான் நெஞ்சில் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்தேன். பதினொரு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத ஒன்றை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற பெருமை. அந்தப் பெருமையில் அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை.

2

இளைய வாசகர்களுக்கு ரெக்கோடிங் பார் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் ரெக்கோடிங் பார் இல்லாத வீதி இல்லை. உங்களுக்கு விருப்பமான பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒரு வெறும் கசற்றையும் கொண்டு வந்து தந்தால், நாங்கள் எங்களிடமுள்ள இசைத்தட்டுகளில் தேடி எடுத்து அதில் பதிந்து தருவோம். என்னுடையது கஸ்தூரியார் வீதியில், ஒரு தையல்கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. பெயர் சுருதி ரெக்கோடிங் பார். ஊர் வழக்கப்படி கடையின் பெயர் என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் ஸ்காபரோவில் மகேந்திரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சுருதி மகேந்திரன் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

எல்லாக் கடைகளும் பாட்டுத்தான் பதிந்தன. என் கடைக்கென்று ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொரு கசற்றின் தொடக்கத்திலும் நானே ஒலிவாங்கியில் பேசுவேன். "வணக்கம். இது கஸ்தூரியார் வீதி, சுருதி ரெக்கோடிங் பாரின் ஒலிப்பதிவு. இந்தக் கசற்றின் உரிமையாளர்..." என்று தொடங்கி, பெயரை முழுதாகச் சொல்லி, "கேட்டு மகிழுங்கள்" என்று முடிப்பேன். வானொலி அறிவிப்பாளன் ஆகியிருக்க வேண்டியவன் என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம். வாடிக்கையாளர்கள் என் எண்ணத்தை வளர்த்துவிட்டார்கள். "அண்ணை, பேரை வடிவாச் சொல்லுங்கோ" என்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. முதலாம் வருஷம் என்றும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இந்தக் கீர்த்தியோடுதான் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். வேலை தேடும் விண்ணப்பத்தில், யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார் உரிமையாளர், எட்டு வருட அனுபவம் என்று எழுதினேன். அதை வாசித்த அம்மணி, மது பரிமாறும் அனுமதிப் பத்திரம் ஒன்றை எடுத்துவிட்டால் ஹோட்டல்களில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். நான் பதறிப்போய், "பாட்டு, பாட்டு" என்றேன். பாடகர்களுக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் போட்டி அதிகம் என்றார்.

கடைசியில் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், உலோகத் தகட்டில் ஓட்டை போடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எட்டு மணிநேரமும் காதை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும், சட்டம் அப்படி. ஊரில் காதை நம்பிப் பிழைத்தவன் இங்கே காதை மூடிப் பிழைக்கிறேன். என்னைத் தேடி வந்து கசற் அடித்துத் தரமுடியுமா என்று ஒருவர் கேட்டால் எனக்குத் தலைகால் புரியுமா?

3

அன்ரி கேட்டது ஓர் ஆங்கில ஆல்பம். பெயர் வேண்டாம். நான் அதற்குச் செய்த கொடுமை வெளியே தெரிந்தால் இலண்டனில் யாராவது வழக்கறிஞருக்கு வேலை வந்துவிடும்.

ஸ்கா என்று ஓர் இசை. ஜமேக்காவில் பிறந்து, கப்பலேறி இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வெள்ளைப் பெடியன்களும் கறுப்புப் பெடியன்களும் ஒன்றாகச் சேர்ந்து, பொப் மெட்டுகளோடு கலந்து அதை வாசித்தார்கள். எண்பதாம் ஆண்டளவில் அங்கே கொடிகட்டிப் பறந்ததாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இலண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியன் விடுமுறைக்கு வந்தபோது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உறையில் இரண்டு பெரிய தட்டுகளைக் கொண்டுவந்து, ஒரு கிழமைக்கு என்னிடம் இரவல் தந்தான்.

பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று. சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. தட்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றவேண்டும் என்ற கணக்கு அது. எங்கள் தொழிலில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அடுப்பில் தீ மூட்ட யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா? பெரிய தட்டைக் கண்டால் கை தானாக முப்பத்துமூன்றுக்குப் போகும். போனது.

பாட்டு மிக நன்றாக இருந்தது. ஆறுதலான, கனமான, துயரம் நிறைந்த இசை. பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. உறையில் நின்ற பாடகரோ ஒடுங்கிய கால்சட்டையும் கழுத்தில் மெல்லிய ரையும் கட்டிய ஒரு நோஞ்சான் பெடியன். இந்த உடம்புக்குள் இப்படி ஒரு குரலா என்று நானும் பல் வைத்தியரும் வியந்தோம். நாலு பக்கத்துப் பாட்டுகளையும் அறுபது நிமிடக் கசற்றில் பதிந்தபோது, ஒவ்வொரு புறத்திலும் நாலு நிமிடம் மட்டும் மிச்சம் வந்தது. அதில் வழக்கம்போல் நாதஸ்வரம் போட்டு நிரப்பினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதே, இதைவிடச் சரி என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கசற் பரவியது. யாழ்ப்பாணத்தில் ஓர் அறுபது எழுபது வீடுகளில் அது இருந்திருக்கும். உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள், காதலில் தோற்றவர்கள், வெளிநாட்டு விசா கிடைக்காதவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். ரஞ்சன் அதற்குத் தலைவன். தகப்பனின் பழைய ரையை ஒடுக்கித் தைத்துக் கட்டிக்கொண்டு, கடை வாசலில் கண்ணை மூடி நின்று கேட்பான். ஒருதடவை ரேடியோவில் அதே பாட்டு போனது. குதிரை ஓடுவதுபோல் ஓடியது. செய்திக்கு நேரம் போதாமல் வேகமாகப் போடுகிறார்கள் என்று நானும் ரஞ்சனும் பேசிக்கொண்டோம்.

4

என் மகள் நிலானிக்குப் பதினைந்து வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். ஒரு வருடமாக அவள் என்னோடு பேசும் வாக்கியங்களைக் கைவிரலில் எண்ணலாம். "ஓகே", "வட்எவர்", "அப்பா ப்ளீஸ்" ஆகியவை முக்கியமானவை. அந்த வருடம் முழுவதும் அவள் சப்பாத்திலும் பையிலும் கணிதக் கொப்பியிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பெருகிக்கொண்டே வந்தன. சதுரங்கம் விளையாடத் தொடங்கிவிட்டாள் என்று நானும் மனைவியும் சந்தோஷப்பட்டோம்.

அன்ரி வந்து போன அன்று மாலை, கசற் அட்டையைக் குசினி மேசையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவள் அட்டையைப் பார்த்தாள். நான் தமிழ் எழுத்தில் எழுதியிருந்த குழுவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பதினொரு வருட சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அன்றுதான் முதல்முறை பலன் தந்தது.

"அப்பா! ஹவ் டு யூ நோ தெம்?"

"நான்தான் இவங்களை யாழ்ப்பாணத்துக்கு அறிமுகம் செய்தனான்" என்றேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த இசை இப்போது திரும்ப வந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் அவளுடைய சிநேகிதர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், கராஜுக்குள் ட்ரொம்போன் ஊதுகிறார்களாம். அட்டையிலுள்ள இந்தக் குழுதான் எல்லாருக்கும் ஆதிமூலமாம்.

"தே ஜஸ்ட் ரீ-இஷ்யூட் இட் அப்பா. வைனல் ரெக்கோட்ல. பழசு மாதிரியே, ரெண்டு டிஸ்க். சிடி இல்லை."

உலகம் முழுவதும் தட்டை எறிந்துவிட்டுச் சிடிக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு கம்பனி எனக்காகவே அதைத் திரும்ப அச்சடித்திருக்கிறது என்று தோன்றியது. அடுத்த நாளே அவளை அனுப்பி வாங்குவித்தேன். கராஜ் சேலில் வாங்கி நிலக்கீழ் அறையில் போர்த்தி வைத்திருந்த தட்டுச் சுழற்றியைத் துடைத்து, ஊசி மாற்றினேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே போட்டுவிட்டாள். படியில் இறங்கும்போதே கேட்டது. குதிரை ஓடுகிறது. நோஞ்சான் பெடியன் நோஞ்சான் குரலில் பாடுகிறான். மகள் முழங்காலை மடக்கி மடக்கித் துள்ளுகிறாள்.

"பிழை, பிழை, வேகத்தைக் குறை" என்று நானே போய் முப்பத்துமூன்றுக்கு மாற்றினேன். அறைக்குள் பழைய கனம் இறங்கியது. கண்ணை மூடினேன். "இதுதான் சரி" என்றேன்.

மகள் தரையில் விழுந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தட்டை எடுத்து நடுவிலிருந்த வட்டத்தைக் காட்டினாள். நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது.

"கம்பனிக்காரன் பிழையா அடிச்சுப்போட்டான்" என்றேன். தொழில்காரனின் நிதானத்தோடுதான் சொன்னேன்.

5

சனிக்கிழமை தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நகரத்துக்குள், ஒரு படிக்கட்டால் ஏறிப் போகவேண்டிய சின்னக் கடை. நரைத்த குடுமி வைத்த வெள்ளைக்காரர் முதலாளி. நிலானி என்னிலிருந்து ஆறடி தள்ளி நின்று, தனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதைக் கடைக்கு அறிவித்தாள்.

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். மறுபதிப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, வேகம் தப்பு, பழைய பதிப்பு எனக்கு மனப்பாடம், நான் இந்தத் தொழிலில் எட்டு வருடம் இருந்தவன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏணி வைத்து ஏறி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உறையைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். எண்பதாம் ஆண்டு வந்த முதல் பதிப்பு. தட்டை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, என் முன்னால் நீட்டினார்.

நாற்பத்தைந்து. வட்டத்தில் இருந்தது. உறையின் பின்புறத்திலும் இருந்தது. கடைசி வரிசையில், பெரிய எழுத்தில். யாழ்ப்பாணத்தில் அந்த உறையை ஒரு கிழமை முழுவதும் கையில் வைத்திருந்தேன். பெரிய தட்டில் அதைப் பார்க்கத் தேவையில்லை என்பதல்லவா என் தொழில்!

"உங்கள் கடையில் முப்பத்துமூன்றில் போட்டீர்களா, சேர்?" என்று முதலாளி கேட்டார்.

"ஓம்" என்றேன் தமிழிலேயே.

"முழு ஆல்பத்தையுமா?"

"கூடவே நாதஸ்வரமும் போட்டிருக்கிறார்" என்று ஆறடி தூரத்திலிருந்து நிலானி ஆங்கிலத்தில் காட்டிக் கொடுத்தாள்.

அந்த மனிதரின் கண்கள் விரிந்தன. அந்தக் கசற்றுகளில் ஒன்றாவது இப்போது கிடைக்குமா, என்ன விலையும் தருவேன் என்றார். அவருக்கு அது அபூர்வப் பதிப்பாம். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. யாழ்ப்பாணத்தில் காது என்றால் சுருதி மகேந்திரனின் காது என்று பல் வைத்தியர் சொல்லுவார். அந்தக் காது துள்ளி ஆடவேண்டிய ஒரு பாட்டை எடுத்து, எழுபது வீட்டுப் பெடியன்களை மூலையில் இருத்தி அழவைத்திருக்கிறது.

அதே தட்டோடு காரில் வரும்போது நிலானி கேட்டாள், "ஸோ, அந்த அன்ரியின்ட சன்... அவருக்கும் தெரியாதா, இது ஃபாஸ்ட் சோங் எண்டு?"

"தெரியாது."

"நெவர்?"

"ஒருநாளும்."

அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்ரிக்கு நாற்பத்தைந்தில் அடித்துக் கொடுப்பதா, முப்பத்துமூன்றில் அடித்துக் கொடுப்பதா என்று கேட்டேன். "அன்ரி கேட்டது தானே அப்பா வேணும்?" என்றாள். என் மகள் என்னிலும் நல்ல தொழில்காரி.

6

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். ஆனால் எழுதாவிட்டால் நான் செய்த அடுத்த பிழை உங்களுக்கு விளங்காது.

சுகி தன் தாயை இங்கே அழைக்க விண்ணப்பம் போட்டபோது, படிவத்தில் அன்ரியின் பிள்ளைகள் எல்லாருடைய விபரமும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே, உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? உயிருடன் என்றால் விலாசம். இறந்தார் என்றால் மரணச் சான்றிதழ். ரஞ்சனுக்கு இரண்டும் இல்லை. படிவம் நிரப்பிக் கொடுத்த நம்மவர் ஒருவர், கூரிய மூளைக்காரர், பேசாமல் ஒரு பிள்ளை என்று போடுங்கோ, கரைச்சல் இல்லை என்றார். போட்டார்கள். கரைச்சல் இல்லாமல் அன்ரி வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரஞ்சன் என்ற பெயர் பேச்சில் வருவதில்லை. முதலில், யாராவது அதிகாரி தொலைபேசியில் கேட்டால் சுகியின் பிள்ளைகள் உளறிவிடுவார்கள் என்ற பயம். பிறகு பயம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. சுகியிடம் ஒருதடவை நான் வாய் தவறி அவன் பெயரைச் சொன்னபோது அவள் பேச்சை மாற்றி, புது வீட்டின் அடமானத்தைப் பற்றிப் பேசினாள். படத்தையும் சுவரில் போடவில்லை. போட்டால் மாலை போடுவதா விடுவதா என்ற கேள்வி வரும்.

ஆகவே கசற் அடிக்கும்போது நான் மிக நாகரிகமாக நடந்துகொண்டேன். பாட்டுகளை முப்பத்துமூன்றில் பதிந்தேன். அதே வரிசை. ஒவ்வொரு புறத்தின் கடைசியிலும் அதே நாதஸ்வரம். அந்தப் பதிவைத் தேடி ஸ்காபரோவில் மூன்று வீடு ஏறி இறங்கினேன். அட்டையை நிலானி எழுதினாள், தலைப்புக்குச் சிவப்பு, வரிசைக்கு நீலம். அவளுடைய ழகரம் சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. முடிந்ததும், தவறுதலாக யாரும் அழிக்காமல் இருக்க, கசற்றின் முதுகிலுள்ள சின்னப் பல்லைத் திருப்புளியால் உடைத்தேன். அது எங்கள் தொழிலின் முத்திரை. உடைத்த பிறகு அதில் எதையும் பதியமுடியாது.

தொடக்கத்தில் நான் பேசும் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். அந்த நாடகக் குரலை இந்த வயதில் எடுக்க வெட்கம் ஒரு காரணம். அந்த வீட்டில் சொல்லாத பெயரை நான் போய்ச் சொல்லி, ஒரு தாயின் நெஞ்சைக் கிண்டக் கூடாது என்பது பெரிய காரணம். இவ்வளவு பக்குவமாக யோசித்தேனே என்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது.

7

மூன்றாம் ஞாயிறு பின்னேரம் நிலானியோடு போனேன். வாசலில் பத்துச் சோடிச் சப்பாத்துகள் இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. மருமகன் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். சுகி குசினியில் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள். அன்ரி புதுச் சீலை கட்டி, கசற் ரேடியோவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டி, உள்ளேயே ஒலிவாங்கி உள்ளது.

கசற்றைப் போட்டார். கனமான, ஆறுதலான பாட்டு தொடங்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிலானியும் பார்த்தாள். நாலு வரி போயிருக்கும். அன்ரி நிறுத்தினார். பின்னால் சுற்றினார். திரும்பப் போட்டார். பாட்டு தொடங்கியது. மறுபடியும் நிறுத்தினார்.

வேகத்தில் எங்கோ ஒரு நூல் வித்தியாசம், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, துவக்கம் இல்லையே."

"இதுதான் அன்ரி துவக்கம். முதல் பாட்டு."

"பாட்டில்லை. நீங்கள் கதைக்கிறது."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், மனப்பாடமாக, என்னுடைய அதே ஏற்ற இறக்கத்தோடு: "வணக்கம். இது கஸ்தூரியார் வீதி, சுருதி ரெக்கோடிங் பாரின் ஒலிப்பதிவு. இந்தக் கசற்றின் உரிமையாளர்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"பாட்டு எனக்கு என்னத்துக்குத் தம்பி? அது இங்கிலிசு. ஒரு சொல்லும் விளங்காது. நீங்கள் அவன்ரை பேரை முழுக்கச் சொல்லுவியள். அதைத்தான் கேக்கிறனான். இங்கை ஒருத்தரும் சொல்லுறேல்லை."

நான் எவ்வளவு பெரிய மடையன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டில் எழுதியிருந்ததை ஒருதடவை பார்க்கவில்லை. "துவக்கத்திலையிருந்து அப்பிடியே" என்று அன்ரி தமிழில், என் வீட்டில், என் முகத்துக்கு நேரே சொன்னதை மறுதடவை கேட்கவில்லை.

"இப்பவே சொல்லுறன் அன்ரி. ஆனா பாட்டின்ரை தலைப்பக்கம் அழிஞ்சு போகும்."

"அழிஞ்சா அழியட்டும்."

பதியும் பொத்தானை அழுத்தினேன். அது இறங்கவில்லை. கசற்றின் பல்லை நானே உடைத்துவிட்டேனே. அந்த ஓட்டையை ஒட்டுநாடாவால் மூடவேண்டும். "ஒட்டுற ரேப் இருக்கோ?" என்று குசினிப் பக்கம் கேட்கத் தயங்கி நின்றேன். சுகி திரும்பாமலே அடுப்பை நிறுத்தினாள். புகை இழுக்கும் விசிறியையும் நிறுத்தினாள், அதன் சத்தம் பதிவில் விழும் என்று. லாச்சியிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு வந்து, துண்டு வெட்டி, ஓட்டையின் மேல் தானே ஒட்டினாள். கை எண்ணெயாக இருந்ததால் இரண்டாவது தடவைதான் ஒட்டியது.

பொத்தானை அழுத்தினேன். வணக்கம் சொன்னேன். கஸ்தூரியார் வீதியைச் சொன்னேன், அங்கே இப்போது அந்தக் கடையும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. உரிமையாளர் என்று வந்ததும், சுகியின் பக்கம் பார்க்காமல், "செல்வன் தருமலிங்கம் பாலரஞ்சன்" என்று ஒரே மூச்சில் சொல்லி, கேட்டு மகிழுங்கள் என்று முடித்து நிறுத்தினேன்.

அன்ரி பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டார். தலையைச் சரித்து, ஊரில் என் கடை வாசலில் நின்று சரிபார்க்கும் வாடிக்கையாளர்களைப் போலவே கேட்டார்.

"பேரை வேகமாச் சொல்லிப்போட்டியள் தம்பி" என்றார். "இன்னொருக்கா, ஆறுதலாச் சொல்லுங்கோ."

சுகி தாயின் கதிரைக் கைப்பிடியில் வந்து இருந்தாள். நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். இந்தமுறை அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். முதல் பாட்டில் பாதி அழிந்துபோனது.